காற்றாலை சுற்றினால்தான் பன்

எஸ்கில் முகத்தைப் பார்த்தே ஊரார் காற்றைத் தெரிந்துகொள்வார்கள். காற்று பலமாக அடித்தால் அந்த முகம் தொங்கிப்போகும். காற்று நின்றால் இன்னும் தொங்கும்.

படகை விற்ற பணத்தில், ஜட்லாந்தின் மேற்குக் கரையில் ஊரே சேர்ந்து நிறுத்திய காற்றாலையில் பங்கு வாங்கியவர் அவர். காற்றடித்தால் அது சுழலும். ஆனால் டென்மார்க்கின் மற்ற காற்றாலைகளும் அதே நேரத்தில்தான் சுழன்று தொலைக்கும். மின்சாரம் பெருகி விலை படுத்துவிடும். சில நாள் வாங்கிக்கொள்பவனுக்கே காசு கொடுக்க வேண்டிவரும். காற்று நின்றால் விலை எகிறும், விற்கத்தான் ஒன்றும் இருக்காது. காற்றாலைகளால் நாடு கொழிக்கிறது என்று வானொலி சொல்லும்போதெல்லாம், அந்த நாடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எஸ்கில் கேட்பார்.

அந்த நாடு அவர் வீட்டிலேயே இருந்தது. மனைவி குன்வோர் வீட்டோடு பேக்கரி வைத்திருந்தாள். மின்சாரம் மலிந்த நாளில் மட்டும் சுட்டுத் தள்ளுவாள். அடுக்களை ஜன்னல் வழியே இறக்கைகளைப் பார்ப்பாள்; அவை நின்றிருந்தால் அடுப்பு இல்லை. கடைப் பலகையிலும் ‘காற்றாலை சுற்றினால்தான் பன்’ என்று எழுதி வைத்திருந்தாள். அந்தப் பலகைக்காகவே ஜெர்மனியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். புயலடிக்கும் நாளில் ஒரே கட்டிலில் ஒருத்தி பாட்டுப் பாடுவாள், ஒருவர் பெருமூச்சு விடுவார்.

இப்படியே கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருடம் ஓடி, வெள்ளித் திருமணத்துக்குப் பாதி வழியில் கொண்டாடும் செப்புத் திருமண நாள் வந்தது. அக்கம்பக்கத்தார் முந்தின நாளே வாசலில் ஊசியிலை வளைவு கட்டிவிட்டார்கள். விடிந்ததும் கொம்பு ஊதிப் பாடுவார்கள்; தூங்குவதுபோல் நடித்துக் கிடக்கும் தம்பதி கதவைத் திறந்து சுடச்சுட பன் கொடுக்க வேண்டும். டென்மார்க் எங்கும் உள்ள வழக்கம் அது.

வளைவில் ஓர் ஊசியிலைகூட அசையவில்லை. மூன்று நாளாகவே அப்படித்தான். கடையில் ஒரு துண்டு ரொட்டி கிடையாது. உப்பிய மாவு மட்டும் காத்திருந்தது.

வெளியே ஆறாவது பாட்டு முடிந்து முதல் பாட்டையே மறுபடி எடுத்தார்கள். எஸ்கில் இரவு உடையிலேயே திரைக்குப் பின்னால் நின்று கையைப் பிசைந்தார். ஒரு பேக்கரிக்காரி தன் செப்புத் திருமணத்தில் ஊரைப் பட்டினியாக அனுப்பினாள் என்ற பேச்சு வெள்ளித் திருமணத்தையும் தாண்டி நிற்கும். இன்று ஒரு நாள் அடுப்பைப் போடேன் என்று கெஞ்சினார்.

“போடலாம். போட்டா நாளைக்கு அந்தப் பலகையை நீதான் கழட்டணும்,” என்றாள் குன்வோர். “என் கையால நான் கழட்ட மாட்டேன்.”

இந்த இழுபறி வெளியே தெளிவாகக் கேட்டது. காற்றாலைச் சங்கத்துத் தலைவர் பிரெபென் கொம்பை இறக்கினார். வந்திருந்த அத்தனை பேரும் பங்குதாரர்கள்; வாசலிலேயே சங்கக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

“கூட்டம்னா முதல்ல நடத்துறதுக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும்ப்பா,” என்றார். அவரையே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார். அது பழைய காற்றாலை. காற்று மந்தமாக இருந்தால், வெளியிலிருந்து மின்சாரம் இழுத்து இறக்கையைச் சுற்றிவிடலாம். செலவு சங்கத்துடையது. இப்போதைய விலையில் அது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்பதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

“பசி வயித்துல இதையெல்லாம் வாசிக்காதே பிரெபென். கையைத் தூக்கச் சொல்லு,” என்றாள் தபால்காரி மெட்டே.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. திரை இடுக்கிலிருந்து ஓர் இரவு உடைக் கையும் நீண்டது. அதையும் எண்ணினார்கள்.

பிரெபென் சைக்கிளில் போனார். சற்று நேரத்தில், இலை அசையாத அந்தக் காலையில் இறக்கைகள் முனகிக்கொண்டு சுழலத் தொடங்கின. குன்வோர் ஜன்னலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்பைப் போட்டாள்.

பன் வாசம் வளைவைத் தாண்டியபோது எஸ்கில் கைபேசியைப் பார்த்தார். மின்சார விலை உச்சியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். இறக்கைகள் சுழன்றன. படகை விற்ற நாளிலிருந்து அவர் வேண்டியது இவ்வளவுதான், இரண்டும் ஒரே நேரத்தில். கண் கலங்கிவிட்டது.

“பாரு குன்வோர்,” என்றார்.

“பார்த்தேன்,” என்று அவர் கையில் தட்டைத் திணித்தாள் அவள். “கதவைத் திற. சங்கம் திவாலாகுறதுக்குள்ள சாப்பிடட்டும்.”