அம்மாவின் இடது காலுக்கு ஒரு கிளச்

அப்பாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று முதலில் அறிவித்தவர் பெரியப்பா. நான் அதை உடனே நம்பினேன். அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவைவிட அப்பாவின் காரின் மேல்தான் எனக்குப் பக்தி அதிகம்.

அது அமெரிக்காக் கார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, நீண்ட மூக்கு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, வாங்க ஆளில்லாமல், தன் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்த அப்பாவிடம் அதை விட்டுவிட்டுப் போனார். மாத்தளையில் அப்படி ஒரு கார் வேறு எவரிடமும் இல்லை. கண்டிக்குப் போகையில் பலகடுவை ஏற்றத்தில் அப்பா ஒரு மிதி மிதித்தால் போதும், முன்னால் முக்கிக்கொண்டிருந்த பஸ் பின்னால் போய்விடும். பின்சீட்டில் மண்டியிட்டு அந்த பஸ்ஸுக்கு நாக்கை நீட்டுவது என் பொறுப்பு.

அதே ஏற்றத்தில்தான் ஒருநாள் கிளச் எரிந்தது. எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை, கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. நாங்கள் முந்திய பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் பின்கண்ணாடியிலிருந்து ஒரு பொடியன் எனக்கு நாக்கை நீட்டினான். ஐயோ, அந்த அவமானம்!

காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மாத்தளை டவுன் கராஜ் ஒன்றில் விட்டோம். கராஜ்காரர் முஸ்லிம். மேஸ்திரிமாரை அழைப்பதுபோல் ஊரே அவரை பாஸ் என்றது, அப்பா மட்டும் அண்ணன் முறை வைத்து நானா என்பார். அசல் கிளச் கொழும்பில்கூடக் கிடைக்கவில்லை. மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, லொறியின் பிளேட்டைப் பொருத்துவது. எஞ்சின் எப்படி இழுத்தாலும் அது வழுக்காது, ஆனால் பெடல் கல் மாதிரி இருக்கும். மற்றது, பழைய வேனொன்றில் கழற்றிய பிளேட். மிதிக்க லேசு. ஆனால் ஆத்திரப்பட்டு வேகம் எடுத்தால் வழுக்கிக் கருகிவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பா சொந்தமாக லொறி வைத்திருந்தவர், அவர் லொறி பிளேட் என்றார். பாஸும் லொறி பிளேட் என்றார். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நானும் லொறி பிளேட் என்றேன்.

அதைப் பூட்டி முடித்த அன்று அப்பா செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அம்மாவைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்மா வஹகோட்டை என்ற கத்தோலிக்கக் கிராமத்துக்காரி. பிறந்த வீட்டில் சிங்களம்தான் பேச்சு. தமிழ் அப்பாவைக் கட்டிய பிறகு பழகியது. தூசி துடைப்பதற்குத் தவிர அந்த ஸ்டியரிங்கை அவள் தொட்டதில்லை. கராஜில் இருந்த ஆண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு, சாரியை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"மிதி," என்றார் அப்பா.

பெடல் பாதிவரை போய் நின்றது. அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, சீட்டைவிட்டு எழும்பி மிதித்தாள். அடிவரை போனது. ஆனால் அப்படியே பிடித்து வைக்க முடியவில்லை, கால் வெடவெடவென்று ஆடியது.

"கழட்டிருங்க நானா. மத்ததப் போடுங்க."

பாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "அல்லாவே! இது என்ன சாரியா சேர், மாத்தி மாத்தி உடுத்திப் பாக்க? கியர்பெட்டிய முழுசா எறக்கணும்!"

பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் தம்பி எருமைக்குக் கொலுசு மாட்டப் போறான்டா!" மூளை பிசகிய செய்தியை அவர் வெளியிட்டது அப்போதுதான்.

அப்பா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "ஒரு நாளைக்கு இத ஓட்டப் போறது இவதான், நானா," என்றார் தணிந்த குரலில். பாஸ் அவரையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். தமிழரைத் தேடித் தேடி அடித்த எழுபத்தேழு கலவரத்தை அதே ஊரில் இருந்து பார்த்த மனிதர் அவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "அப்ப லேசானதுதான் சேர் சரி," என்று காருக்கடியில் நுழைந்துவிட்டார். அவரும் கட்சி மாறியது எனக்குப் பச்சைத் துரோகமாகப் பட்டது.

இரண்டாவது பிளேட் அம்மாவின் வெறுங்காலுக்கு அடங்கியது. அப்பா போதும் என்று சொல்லும்வரை மிதித்தே வைத்திருந்தாள்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசை முடிந்ததும் பாடம். நடு ஏற்றத்தில் நிறுத்தச் சொல்வார் அப்பா. ஹேண்ட் பிரேக் பிடிக்காமல், உறுமாமல், குலுங்காமல் திரும்ப எடுக்க வேண்டும். ஒருதடவை கார் பின்னால் உருண்டு வேலியில் போய் உட்கார்ந்தது. அம்மா அழுதுகொண்டே இறங்கி ரோட்டோடு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் தானே திரும்பி வந்து, மூக்கைச் சிந்திவிட்டு ஏறினாள். "இன்னொருக்கா," என்றாள். பஸ்கள் எங்களை முந்திப் போயின. நான் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டேன்.

எண்பத்துமூன்று ஆடியில் கடைத்தெருப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. தமிழர் கடைகளும் வீடுகளும் எரிகின்றன என்று பேசிக்கொண்டார்கள். அப்பா பின்சீட்டின் காலடியில் குப்புறப் படுத்தார். அவர்மேல் பாயும் துணி மூட்டையும். இரண்டே கதவு என்பதால் வெளியிலிருந்து அந்த இடம் லேசில் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்த அம்மா, மூட்டைமேல் என் காலை வைக்கச் சொன்னாள். "தூக்காத. யாராச்சும் கேட்டா சிங்களத்தில மட்டும் பேசு."

வஹகோட்டைப் பாதையில், ஒரு ஏற்றத்தின் நடுவில், பொல்லுத்தடியும் பெட்ரோல் கேனுமாக ஆட்கள் மறித்தார்கள். ஒருவன் குனிந்து என்னைப் பார்த்தான். அம்மா சிங்களத்தில் தன் ஊரைச் சொன்னாள், கோயிலைச் சொன்னாள், அண்ணனுக்குச் சுகமில்லை என்றாள். குரல் அசையவே இல்லை. என் பாதத்துக்கடியில் அப்பாவின் முதுகு மூச்சில்லாமல் கிடந்தது. அந்த ஆள் கூரையைத் தட்டிப் போகச் சொன்னான். ஒரு உறுமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. கார் மெல்ல மேலே ஏறியது.

ஏறியது சரி, ஆனால் ஊர்ந்தது. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது. வஹகோட்டையில் மாமா வீட்டு முற்றத்தில் அப்பா வெளியே வந்தபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் நிமிர்வதற்குள் நான் கொட்டித் தீர்த்தேன். "லொறி பிளேட் போட்டிருந்தா பறந்து வந்திருக்கலாம் அப்பா!"

"ஆமா, வந்திருக்கலாம்," என்றார் அப்பா.

அம்மா இன்னும் இறங்கவில்லை. இடது தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். அந்த லொறி பிளேட்டை அந்த ஏற்றத்தில் யார் மிதித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அப்பாவின் மூளையைப் பற்றிப் பெரியப்பா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போனேன்.