நாற்பத்திரண்டாம் நம்பர் இடது கால்

ஓர் இடது கால்தான் எங்கள் கம்ப்யூட்டர் புரோகிராமைக் காப்பாற்றி வருகிறது என்று நான் மனதார நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். நாற்பத்திரண்டாம் நம்பர் ஷூவுக்கு வடிவம் வருவதற்காக உள்ளே வைத்துத் தைக்கும் மர அச்சு அது. ஜோடியான வலது கால் எங்கோ தொலைந்துபோனதால் எங்கள் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து சேர்ந்தது. ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் பாய். இன்னொருவன் நான், கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டிக்கொண்டே சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் கற்று மாடியேறி வந்தவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே புரோகிராமில் கை வைத்தால் கடைசியாகச் சேவ் செய்தவனுடைய வேலை நிற்கும், மற்றவனுடையது காற்றோடு போய்விடும். இரண்டு சண்டைக்குப் பிறகு ஒரு சட்டம் போட்டோம். மரக்கட்டைக் கால் யார் மேஜையில் நிற்கிறதோ அவர்தான் புரோகிராமைத் தொடலாம். மற்றவர் டீ குடிக்கலாம். அந்த வருடங்களில் நாங்கள் குடித்த டீயைப் பாலாற்றில் விட்டிருந்தால் ஆறு ஓடியிருக்கும்.

இந்த நம்பிக்கைக்குக் கீழே இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. அசல் என் மெஷினில்தான் இருக்கிறது, பாயின் மெஷினில் இருப்பதெல்லாம் வெறும் ஜெராக்ஸ். ஆகவே என் மெஷின் போனால் புரோகிராம் போச்சு, புரோகிராம் போனால் நான் போச்சு.

இரண்டாயிரங்களின் கடைசியில் எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் புது நிபந்தனை போட்டார். எந்த ஷூவை எடுத்துக் காட்டினாலும் அது எந்த லாட் தோலில் தைத்தது என்று புரோகிராம் சொல்ல வேண்டும். வேலை பெருகியதால் முதலாளி மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தார். அவர்தான் மேடம். எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர். வேலூரிலிருந்து லேப்டாப் பையோடு பஸ்ஸில் வருவார். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ்; இவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிறவர். வந்த முதல் நாளே கட்டையைக் கையில் எடுத்து, "இது இன்னா சார், யாரோட கால்?" என்றார். "அது எங்க சூப்பர்வைசர் மேடம்," என்றார் பாய், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

மேடம் கட்டையை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு, கிட் என்ற ஒரு சாஃப்ட்வேரை எங்கள் மெஷின்களில் ஏற்றினார். எங்களுக்குப் புரிய வைக்க அவர் எடுத்துக்கொண்டது தோல் பதனிடும் ஷாப்பு விஷயத்தையே. பச்சைத் தோல் உள்ளே வரும்போதே அதன் ஓரத்தில் துளைதுளையாக நம்பர் குத்திவிடுவார்கள். சுண்ணாம்பில் ஊறினாலும், டிரம்மில் உருண்டாலும், சாயம் ஏறினாலும் அந்தத் துளை போகாது. "நீங்க செய்ற ஒவ்வொரு மாத்தத்துக்கும் இது அப்படி ஒரு நம்பர் குத்திடும் சார். யார் செஞ்சது, எப்ப, எதுக்குன்னு கூடவே ஒரு வரி எழுதுங்க. அதான் கமிட். அப்புறம் அடுத்தவங்க செஞ்சத வாங்கிக்கோங்க, அது புல். உங்களோடத குடுங்க, அது புஷ். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது கை கழுவுற மாதிரி மூணையும் செஞ்சிடணும்." எங்கள் மூவருக்கும் பொதுவான இடமாக என் மெஷினையே வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இருவரும் ஒரே வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று மடக்கினேன். செய்தே காட்டினார். கிட் யார் பக்கமும் சாயவில்லை. இரண்டு வரியையும் மேலும் கீழுமாகக் காட்டி, நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்பதுபோல் நின்றுவிட்டது. "நம்மள விட நியாயமா நடந்துக்குது சார்," என்றார் பாய். அசல் யாரிடம் இருக்கிறது என்ற என் அடிப்படைக் கேள்விக்கு மட்டும் மேடம் சொன்ன பதில் எனக்குச் செரிக்கவில்லை. "எல்லார் கிட்டயும் சார். ஆதியிலேர்ந்து மொத்தமும். எங்க கொயர்ல ஆளுக்கு ஒரு பாட்டுப் புஸ்தகம். மாஸ்டர் தன்னோடத ஆட்டோல விட்டுட்டு வந்தா ஆராதனை நின்னுடுமா?" நான் தலையாட்டினேன். தலையாட்டுவது வேறு, நம்புவது வேறு. அந்த நாட்களில் நான் எழுதிய கமிட் குறிப்புகளே சாட்சி: "ஓடுகிறது, யாரும் தொடாதீர்கள்." அடுத்தது: "பாய் தொட்டுவிட்டார்."

பையரின் ஆள் இதைச் சோதித்துப் பார்க்கத் திங்கட்கிழமை வருவதாக இருந்தார். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மேடம் அம்மாவின் பணி ஓய்வு விழாவுக்காக லீவு. ஜும்மா தொழுகைக்காக மதியம் கம்பெனியே காலி, பாயும் கிளம்பிவிட்டார். என் மெஷினில் பென் டிரைவ் வழியாக வந்த வைரஸ் ஒன்று வாரக்கணக்கில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத நேரம், சுத்தம் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதுதான் அன்றைய விபரீதம். முன்ஜாக்கிரதையாக காலையிலேயே எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் ஏற்றிவைத்திருந்தேன். தைரியமாக ஃபார்மட் கொடுத்தேன். முடிந்ததும் சி.டி.யைப் போட்டேன். உள்ளே ஒரே ஒரு ஐகான் இருந்தது. அதன் மூலையில் வளைந்த சின்ன அம்பு. நான் ஏற்றியது புரோகிராமை அல்ல, அதற்குப் போகும் ஷார்ட்கட்டை. வீட்டைக் கட்டித் தூக்கிவரச் சொன்னால் விலாசத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. பாயின் மெஷினைத் தட்டினேன், பாஸ்வேர்ட் கேட்டது. கீழே கட்டிங் செக்‌ஷனில் என் பழைய மேஜையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மறுபடி அங்கேதானே நிற்கப் போகிறோம் என்று. "இன்னாடா, மாடிக்காரன் எறங்கிட்டான்" என்று பழைய தோஸ்துகள் கேட்கப்போகும் குரல்கூடக் காதில் விழுந்தது. அவர்கள் கேட்பதற்கு முன் நானே போய்விடலாம் என்று ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். ஃபார்மட் செய்த மெஷினில் கடிதம் அடிக்க வேர்டுகூட இல்லை. சாம்பிள் தோல் ஒட்டிய அட்டையின் பின்பக்கத்தில் கையால் எழுதினேன். எழுதி முடித்து, ஜன்னலோரம் கிடந்த கட்டைக் காலை எடுத்துப் பாயின் மேஜையில் நிறுத்திவைத்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்குப் பதில் தெரியாது. காலில் விழுவதற்கு ஒரு கால் வேண்டியிருந்ததோ என்னவோ.

பாய் தொப்பியும் அத்தர் வாசனையுமாகத் திரும்பி வந்தார். கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையை வாங்கிப் படித்தார்.

"இன்னா சார், பேஜார் பண்றீங்க? என் மெஷினையும் ஃபார்மட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல பாய். பாஸ்வேர்ட் தெரியல."

"அல்லா காப்பாத்துனாரு," என்றபடி உட்கார்ந்து திறந்தார். கிளம்பும் முன் மேடம் சொன்னபடி கமிட், புல், புஷ் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மேடமும் திருப்பிக் கூப்பிட்டார். நான் அழாத குறையாகச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் விழா நாதஸ்வரத்தையும் மீறி அவர் சிரிப்பு கேட்டது. "சார், பாய் கிட்ட ஒண்ணு இருக்கு. என் பையில ஒண்ணு இருக்கு. மாஸ்டர் புஸ்தகம் மட்டும்தான் ஆட்டோல போயிருக்கு. பாய் கிட்டேர்ந்து ஒரு க்ளோன், அதான் முழு நகல், எடுங்க, முடிஞ்சது." மூச்சு விட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு விட்ட முதல் மூச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தக் கட்டைக் கால் என் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் தடுத்து நிற்கிறது. கையில் இருக்கும் போன் கேட்காமலேயே எல்லாவற்றையும் எங்கோ சேமித்துவைக்கிற காலத்தில், ஒரு புரோகிராமுக்காக இரண்டு பேர் ஒரு மரக்காலைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம் என்றால் என் மகள் நம்புவதில்லை. பாயும் மேடமும் நம்புவார்கள். அவர்களிடம் அந்த அட்டை பற்றிய கதையும் இருக்கிறது, ஆளுக்கொரு முழுப் பிரதியாக.

அன்று நடந்தது இவ்வளவுதான். பாயின் மெஷினிலிருந்து புரோகிராம் முழுவதும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது, "பாய் தொட்டுவிட்டார்" உட்பட. திங்கட்கிழமை பையரின் ஆள் ஒரு ஷூவை எடுத்து நீட்டினார். புரோகிராம் லாட் நம்பரைச் சொன்னது. தொலைந்தது ஒன்றே ஒன்று: யாருக்கும் தெரியாமல், கமிட் செய்யாமல், முதல் திரையில் என் பெயர் மூன்று நிறத்தில் ஓடும்படி நான் எழுதிவைத்திருந்த பதினோரு வரி.