தாராவியில் ஒரு மிலிட்டரி ஹோட்டல்

1964-ஆம் வருஷம், மே மாதம் முதல் வாரம். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாளே திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறிவிட்டேன். எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய், பம்பாய் வண்டியில் மூன்றாம் வகுப்பில் இடம் பிடித்தேன். அங்கிருந்து பம்பாய் சுமார் எண்ணூறு மைல் என்றார்கள். பம்பாய் போய் வருகிறவர்கள் கடலைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் இரண்டையும் சரியாகப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். படிக்கிறவர்கள் பிறகு ஏமாறக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பட்டாளத்தில் சமையல்காரர். சீனாக்காரனோடு சண்டை வந்தபோது வடகிழக்கு மலையில் இருந்தார். இடது காலில் இரண்டு விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். ஊர் எல்லையில் மேளம், மாலை, பஞ்சாயத்துத் தலைவரோடு போட்டோ எல்லாம் நடந்தன. பத்து நாள்கூட ஆகவில்லை. மாலை போட்டவர்களே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஓடியில்லா வந்துட்டானுவ" என்று பேச ஆரம்பித்தார்கள். அவர் வெளியே போவதை நிறுத்தினார். பிறகு தூங்குவதையும் நிறுத்தினார். போன விரல்களுக்கு சர்க்கார் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, மாதாமாதம் பென்ஷன் வரும். தூக்கம் போனதற்குக் கணக்கு இல்லை. ஜில்லா ஆபீஸில் விசாரித்தேன். அங்கிருந்த குமாஸ்தா, "வெயில்ல நாலு நாள் உழுதா தன்னால வரும்மா" என்று வைத்தியம் சொல்லி அனுப்பினார்.

எப்போதாவது விடியற்காலையில் அசந்துவிடுவார். அப்படி ஒரு நாள் காப்பி ஆறுகிறதே என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். அடுத்த நிமிஷம் நான் சுவரோரத்தில் கிடந்தேன். என் இடது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. "கிணத்தடியில வழுக்கிட்டா" என்று என் மாமியார் தெருவுக்குச் சொன்னார். கட்டுப் போட வந்தவரிடம் நானும் அதையே சொன்னேன். கட்டுப் பிரிப்பதற்குள் என் வீட்டுக்காரர் பம்பாய்க்குப் போய்விட்டார். மணியார்டர் மட்டும் தவறாமல் வந்தது. அதன் அடியில் 'நலம்' என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கும்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. தாராவி தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோது, "உங்க மவன் அங்கன மிலிட்டரி ஹோட்டல்ல இருக்காரு" என்று சொன்னார். என் மாமனாருக்குப் பெருமையில் மீசை துடித்தது. பட்டாளத்துக்காரர்களுக்காக சர்க்கார் பம்பாயில் ஹோட்டல் கட்டி, வேளா வேளைக்குச் சோறும் வைத்தியமும் கொடுக்கிறது என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வந்தார். திருநெல்வேலியிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் அப்படி ஒரு போர்டை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் நம்பினேன். நம்புவதற்கு வேறு எதுவும் கையில் இல்லை.

ரயிலில் எனக்குத் துணை ஆமினா. மேலப்பாளையத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குண்டக்கல் தாண்டியதும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, சர்க்கார் ஹோட்டல் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். ஆமினாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"என்ன டீச்சர் நீங்க? மிலிட்டரி ஹோட்டல்னா கறிச்சோத்துக் கடை. ஆட்டுக்கால், ஈரல், கொத்துக்கறி. பட்டாளத்துக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

அவள் வீட்டுக்காரர் அவளை அதட்டினார். நான் புளிச்சோற்றைத் தின்று முடித்தேன். ஊர் முழுவதும் சொல்லிப் பெருமைப்பட்ட மாமனாரை நினைத்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தாதரில் இறங்கினோம். லோக்கல் ரயிலில் மாட்டுங்கா கடந்து சயான். அங்கிருந்து தாராவிக்கு நடை. தோல் பதனிடும் வாடை அரை மைலுக்கு முன்பே ஆளை வரவேற்கிறது. இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் போக முடியாத சந்துகள். மேலே தகரம், கீழே சாக்கடை. காதில் விழுவது மட்டும் அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு. குழாயடியில் பெண்கள், "ஏளா, என் கொடத்த ஏன் நவுத்துன?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமினாவின் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு அவளோடு ஹோட்டலுக்குப் போனேன்.

நாலு பெஞ்சு, ஒரு கல்லாப்பெட்டி, கரி படிந்த சுவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் உள்பக்கம் பார்த்து, "மிலிட்டரி, கொளம்பு கொண்டா! ஓடாம வா, சீனாக்காரன் இல்ல, நான்தான்!" என்று கத்தினான். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வாளியோடு வெளியே வந்தவர் என் வீட்டுக்காரர். அந்தக் கடைக்கும் பட்டாளத்துக்கும் எதுவும் இல்லை என்று ஆமினா சொன்னது தப்பு. கேலி செய்வதற்கு ஓர் அசல் பட்டாளத்துக்காரரையே வைத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"கை நேராயிட்டா?"

"ஆயிட்டு. ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"நான் வரல. இன்னொரு கையும் போணுமா ஒனக்கு?"

அவ்வளவுதான் பேச்சு. திரும்ப உள்ளே போய்விட்டார். மூன்று நாள் ரயில் பயணத்துக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குழம்பு வாளியை எட்டி உதைத்திருப்பேன். மரியாதைக்கு உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன்.

மாட்டுங்காவில் தமிழ் டாக்டர் ஒருவர் இருக்கிறார், கெட்டிக்காரர் என்று ஆமினாவின் வீட்டுக்காரர் சொன்னார். சனிக்கிழமை காலை போனேன். தாராவியிலிருந்து ஒன்றரை மைல்தான், ஆனால் வேறு தேசம். அகலமான தெரு, மரநிழல், வாசலில் கோலம், காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. டாக்டர் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, மேஜையில் வேறு எதையோ தேடியபடி நான் சொன்னதைக் கேட்டார். பட்டாளம், தூக்கம் இல்லை, தொட்டால் பாய்கிறார் என்று சுருக்கமாகத்தான் சொன்னேன்.

"வாலிப வயசோன்னோ? நரம்புத் தளர்ச்சி. நல்ல இடமாப் பார்த்து ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சுடுங்கோ. எல்லாம் சரியாப் போயிடும்."

"அந்தக் கல்யாணம் நான்தான் டாக்டர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டானிக் ஒன்று எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டேன், டானிக் வாங்கவில்லை.

திங்கட்கிழமை ஹோட்டலுக்கு விடுமுறை. அன்று அவர் செம்பூரில் ஒரு சர்தார் வீட்டில்தான் இருப்பார் என்று கல்லாவில் சொன்னார்கள். ஆமினாவுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. அவளை அழைத்துக்கொண்டு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சயானில் பஸ் ஏறினேன். செம்பூர் அங்கிருந்து நாலு மைல் இருக்கும். பிரிவினையின்போது வந்த பஞ்சாபிகள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டின் பக்கத்தில் லாரி நின்றது. அதன் நிழலில் இரண்டு கயிற்றுக் கட்டில்கள். ஒன்றில் பெரிய தாடியோடு சர்தார், மற்றதில் என் வீட்டுக்காரர். இருவரும் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்து இரண்டு வருஷமாகிறது.

எழுப்பிப் பேசிவிடலாம் என்று பக்கத்தில் போய்த் தோளுக்குக் கை நீட்டினேன். பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. சர்தாரின் மனைவி, மாவு பிசைந்த கையோடு ஓடிவந்து என் சேலையைப் பிடித்து வாசல்வரை இழுத்துவிட்டாள். நல்ல வாட்டசாட்டமான பெண்பிள்ளை. ஆமினா நான் யார் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு, முக்காட்டை விலக்கித் தன் புருவத்தைக் காட்டினாள். குறுக்கே ஒரு தழும்பு ஓடியது. நான் என் மணிக்கட்டைக் காட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அவள் சொல்லச் சொல்ல ஆமினா தமிழில் சொன்னாள். சர்தாரும் அதே பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். இருவரும் ஒன்றாகப் பனிமலையில் நடந்தே திரும்பியவர்கள். திங்கட்கிழமை தோறும் அந்த மாதிரி இரண்டு பேர், நாலு பேர் என்று இங்கே கூடுவார்கள், சமைப்பார்கள், சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்பதில்லை. வைத்தியம் என்று இருந்தால் இதுதான்.

"எழுப்புறதுக்கு ஒரு முறை இருக்காம் டீச்சர்" என்றாள் ஆமினா. "தொடவே கூடாதாம். எட்டத்துல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடணுமாம். பட்டாளத்துல அவங்க பேருக்குத்தான் முளிப்பாங்களாம்."

சர்தாரின் மனைவி வாசலில் நின்று, "கர்த்தார்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்து, எங்களைப் பார்த்து, தலைப்பாகையைத் தேடினார். அடுத்தது என் முறை என்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏங்க" என்றேன். அவர் அசையவில்லை. "இங்க பாருங்க, ஏங்க" என்று கத்தினேன். ஆமினா வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் பெயர் என் வாயிலிருந்து வந்ததில்லை. இந்தக் கட்டுரையில்கூட இதுவரை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். என் வகுப்பில் அதே பெயரில் ஒரு பையன் இருக்கிறான். ஆஜர் எடுக்கும்போது அவனை இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று மாமியார் முதல் நாளே சொல்லி வைத்தது அப்படி ஊறிப்போயிருந்தது. பெயர் சொல்லக் கூடாது என்பதால்தானே தோளைத் தொட்டேன்!

நான் தயங்குவது அந்தப் பஞ்சாபிப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னதை ஆமினா அப்படியே சொன்னாள். "அவங்க ஊர்லயும் சொல்லக் கூடாதுதானாம். நான் தினம் சொல்லுதேன், மனுசன் செத்தா போயிட்டாருன்னு கேக்காக."

நான் வாசலில் நின்று, "இசக்கிமுத்து!" என்றேன்.

பாயவில்லை, அடிக்கவில்லை. கட்டிலைவிட்டு இறங்கி, விரல் போன காலையும் சேர்த்து வைத்து விறைப்பாக நின்று, லாரியைப் பார்த்து, "ஹாஜர், சாப்!" என்றார். பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் அதுதான் பதிலாம். பிறகு கண் தெளிந்து என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. மாலை போட்டவர்கள், போட்டோ எடுத்தவர்கள், பென்ஷன் ஆபீஸ், டாக்டர் என்று இத்தனை பேரில் ஒருவராவது இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா?

"இப்போ தெரிஞ்சுக்கிட்டேன். வாங்க, ஊருக்குப் போவோம்" என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டார். "எங்க ஆத்தா முன்னால இப்படிக் கூப்பிடுவியா?"

"கூப்பிடுவேன்."

"நீ கூப்பிடுவ. அவங்க விடமாட்டாங்க. ஊரு ஒன்னைத்தான் ஏசும். அங்க ஆளாளுக்குத் தொட்டுத்தான் எழுப்புவாங்க. இன்னொருத்தர் கைய ஒடிச்சுட்டு நான் எங்க போவேன்? இங்கன கேலி பண்ணுதானுவ, பண்ணிட்டுப் போறானுவ. தூக்கம் வருதுல்லா."

நான் எவ்வளவோ சொன்னேன். அவர் அசையவில்லை. புதன்கிழமை தாதரில் என்னை ஏற்றிவிட வந்தார். ஆறு வடையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தார். ஜன்னலோரத்தில் நின்று, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்றார். பம்பாயை விட்டுப் போகிறோமே என்று எனக்கு வருத்தம் இல்லை. தகரக் கூரையும் தோல் நாற்றமுமாக, மனிதன் இருக்கத் தகுதியில்லாத இடம்தான் அது. என் ஊரில் காற்றும் தண்ணீரும் உண்டு, ஆற்றங்கரை உண்டு, தூங்குவதற்கு மட்டும் அவருக்கு இடம் இல்லை.

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனாரும் மாமியாரும் ஒன்றாக, "என்னம்மா சொன்னான்?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள்.

"இசக்கிமுத்து வரமாட்டாராம்" என்றேன்.

மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். "புருசன் பேரச் சொல்லுதாளே! என் புள்ளைய முழுங்கப் பாக்காளே!" மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எதற்காகச் சொன்னேன் என்று விளக்கப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? அன்று முழுவதும் வீட்டில் நடந்த பேச்சு அந்தப் பெயரைப் பற்றித்தான். அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, கால் வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். தாராவிப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, இல்லாவிட்டால் ஆமினாவோடு பை தைக்கலாம். ராஜினாமாவுக்குக் காரணம், 'என் கணவரை எழுப்ப வேண்டியிருக்கிறது' என்று எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, அதை அடித்துவிட்டு, 'குடும்பக் காரணம்' என்று மேலே எழுதிக்கொண்டார்.