பாபின் மூக்கு எஸ்தர்

ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்த ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "பாபின் மூக்கு பூட்டாங்களாமே, ரிச்சர்ட்ஸ் டவுன்ல. காலைல தான்" என்றாள். எஸ்தர் அக்கா இறந்த சேதி எனக்கு அப்படித்தான் வந்தது. சர்க்கரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே ஜெபம் சொல்ல வந்த பெரியவர், "நம் சகோதரி சாந்தமே உருவானவர்" என்று பேசிக்கொண்டிருந்தார். யாரைச் சொல்கிறார் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். அக்காவின் முகத்தின்மேல் வெள்ளை லேஸ் துணி போட்டிருந்தார்கள். அவருடைய தம்பி மோசஸ் என் காதருகே குனிந்து, "அந்த மூக்கு இருக்குதில்ல தனம், வரவங்க பாத்து பேசுவாங்க. அதான் மூடிட்டோம்" என்றான். எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மில்லின் ரீலிங் பிரிவில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த மூக்கின் கதை தெரியும். தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாபின் என்கிற நீள மரக்குழலில் வரும் நூலைச் சிட்டமாக, வளையக் கட்டாகச் சுற்றுவது மில்லில் எங்கள் வேலை. முழுக்கப் பெண்கள், மேலே ஒரு மேஸ்திரி. நூல் அறுந்தால் அவன் வாயால் கேட்க மாட்டான். இடுப்பில் செருகியிருக்கும் கட்டையால்தான் கேட்பான். முட்டியில் அடிப்பான், முதுகில் அடிப்பான், சில நாள் மயிரைப் பிடித்துத் தலையை இயந்திரத்தில் மோதுவான். வீட்டில் கேட்டால் விழுந்துவிட்டேன் என்று சொல்வோம். வீட்டில் இருந்தவர்களும் நம்பிய மாதிரி இருந்துவிடுவார்கள். எஸ்தர் அக்கா கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். சுரங்கத்தில் பாறை விழுந்து அப்பா செத்த பிறகு, மோசஸைப் படிக்க வைக்க இந்த வேலைக்கு வந்திருந்தார்.

அந்த நாளில் ஊரெல்லாம் செம்பு மூக்கன் பைத்தியம் பிடித்து அலைந்தது. மதராஸிலிருந்து வந்த ஒரு சிறுவர் வார இதழில் வந்த படக்கதை அது. செம்பாலான மூக்குள்ள பையன், வாரம் ஒரு கெட்டவனைத் தேடிப் போய் முட்டிச் சாய்ப்பான். முட்டுவதற்கு முன்னால், "மூக்கு வருது! முகத்தைக் காட்டு!" என்று கத்துவான். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் படம் பார்த்தே பாடம் செய்திருந்தார்கள். ஒருவன் "மூக்கு வருது!" என்றால் மற்றவர்கள் "முகத்தைக் காட்டு!" என்பார்கள். பிரேசர் டவுன் சந்துகளில் துலுக்கப் பிள்ளைகள் "மூக்கன் ஆயா, பாகோ!" என்று, மூக்கன் வந்துட்டான் ஓடுங்க என்று அவர்கள் பாஷையில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். மூக்குப்பொடிக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? தும்முகிற செம்பு மூக்கனைப் பலகையில் எழுதி மாட்டினார். தேர்தல் மேடையில் ஒருவர் எதிராளியை "தகர மூக்கன்" என்றார். மறுநாள் எதிராளியின் ஆட்கள் மேடையையே பிரித்துப் போட்டார்கள். என் அக்காள் மகன் அடுத்த வீட்டுப் பையனை முட்டப்போய் இரண்டு பற்களைத் துப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

எஸ்தர் அக்கா செய்த செம்பு மூக்கன் வேறு மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் காலி பாபினை நூலால் மூக்கில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். அவருடைய மூக்கன் எங்கள் மில்லுக்கு வேலை தேடி வந்து மேஸ்திரி ஆகிவிடுவான். பெண்களைக் கண்டால் பாபின் விறைத்து நிற்கும், "மூக்கு வருது!" என்று பாய்வான். மானேஜர் துரை எதிரே வந்துவிட்டால், அக்கா ஒரு விரலால் பாபினை மெல்லக் கீழே சாய்ப்பார். அது தொங்கும். மூக்கன் அந்தத் தொங்கிய மூக்காலேயே துரையின் பூட்ஸைத் துடைப்பான். சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சோறு இறங்காது. முதல் நாள் அடி வாங்கியவளுக்கு முதுகு வலிக்கும், அவளும் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சிரிப்புக்குக் கால் உண்டு. அது மேஸ்திரியின் காதுக்குப் போயிற்று. அவன் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று என் கையில் நூல் அறுந்தது. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. "இன்னாடி, சிரிச்சிகினே வேல செய்றியா?" என்று கட்டையை ஓங்கினான். முதல் அடி முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடிக்கு வயிற்றைக் குறி வைத்தான். இதை யார் மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அவன் கண் போன இடத்தைப் பார்த்தவள் நான்.

சாப்பாட்டு நேரம் அப்போதுதான் முடிந்திருந்தது. அக்காவின் மூக்கில் இன்னும் பாபின் இருந்தது. எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. குனிந்த தலையோடு ஓடிவந்து அவன் வாயில் முட்டினார். அவன் உதடு கிழிந்து பல் வெளியே தெரிந்தது. அவன் கட்டையைத் திருப்பிப் பிடித்து அக்காவின் முகத்தில் அடித்தான். பாபின் இரண்டாகப் பிளந்தது, அதற்கு அடியிலிருந்த மூக்கும் உடைந்தது. விழுந்தவரை மறுபடியும் அடித்தான். சுற்றிக் கிடந்த வெள்ளைச் சிட்டமெல்லாம் சிவந்துபோயின. நாங்கள் அத்தனை பேரும் பாய்ந்து அவனை இழுத்தோம். யாரோ அவன் காதைக் கடித்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் கும்பிடுவேன்.

விசாரணை வைத்தார்கள். மேலாளை முட்டியது அக்காவின் குற்றம் என்று முடிவாயிற்று. ஆயுத பூஜை மேடையில் எல்லோர் முன்னிலையிலும் மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வெளியே என்றார்கள். மோசஸ் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தான். "ஒரு வார்த்த தானே அக்கா, கேட்டுடு" என்று நானும் கெஞ்சினேன். "ஒரு வார்த்த தாண்டி. அது எந்த வார்த்தன்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசி, வாசலில் பூசணி உடைத்து, குடும்பத்தோடு எல்லோரையும் உள்ளே விடுவார்கள். அன்று ஒரு நாள் மேடையில் யாரை எப்படிக் கேலி செய்தாலும் கேட்பாரில்லை. மானேஜரைப் போலவே நடந்து காட்டுவார்கள், மானேஜரும் சிரிப்பார். அது அந்த மில்லின் வழக்கம். மன்னிப்புக் கேட்க அந்த நாளைப் போய் குறித்தார்களே, அதுதான் அவர்கள் செய்த பிசகு. முன்வரிசையில் பொரி தின்றுகொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மானேஜர் பக்கத்தில் மேஸ்திரி, தலையில் புதுப் பேட்டாத் தலைப்பாகையும் உதட்டில் தையலுமாக உட்கார்ந்திருந்தான்.

அக்கா மேடை ஏறிக் கை கூப்பினார். பிறகு முகத்துக் கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். ஊதா நிறத்தில் வீங்கி, இடப்பக்கம் மடங்கிக் கிடந்தது மூக்கு.

"மேஸ்திரி அண்ணே, பாபின் வெச்சு ஆடனது என் தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார். அவன் மீசையைத் தடவினான். "இனிமே பாபின் வேணாம். நீங்களே ஒரு மூக்கு செஞ்சு குடுத்துட்டீங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, வாய் நிறையக் கத்தினார்: "மூக்கு வருது!"

பிள்ளைகளுக்கு விசாரணை தெரியுமா, மேஸ்திரி தெரியுமா? அதைக் கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். "முகத்தைக் காட்டு!" என்று அத்தனை பேரும் கூவினார்கள். அக்கா மேஸ்திரியை நோக்கி ஓரடி வைத்தார். "மூக்கு வருது!" "முகத்தைக் காட்டு!" இப்போது பெண்களும் சேர்ந்துகொண்டோம். உடைந்த கையோடு நானும் கத்தினேன். மேஸ்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து ஓடினான். வாசலில் கிடந்த பூசணியில் வழுக்கி விழுந்து முழங்கை பெயர்ந்தது. எனக்குக் கொஞ்சமும் பரிதாபமில்லை, சந்தோஷமாக இருந்தது.

மறுநாளே அக்காவை வெளியே அனுப்பினார்கள். மேஸ்திரியும் நிலைக்கவில்லை. அவன் கட்டையைத் தொட்டால் ஏதாவது ஓர் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து, "முகத்தைக் காட்டு" என்று ஒரு குரல் வரும். வேறு மில்லுக்குப் போனான். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். அக்கா பிரேசர் டவுனில் தையல் வேலை செய்து மோசஸைப் படிக்க வைத்தார். என்னால்தானே வேலை போயிற்று என்று நான் அழுதபோது, "இன்னாத்துக்கு அழற? எங்கப்பன் மேல பாறை உழுந்தப்போ ஒருத்தன் சத்தம் போடல. அன்னிக்கு நம்ம மில்லுல இன்னா சத்தம் பாத்தியா!" என்றார்.

அதனால்தான் பெட்டியை மூடப்போகும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்னோடு வந்திருந்த என் மகள் எனக்கு முன்னால் போய்விட்டாள். அந்த இரண்டாவது அடிக்குத் தப்பிப் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். வீட்டில் அக்கா வைத்த பெயர்தான், மூக்கி. மோசஸ், "பேடாம்மா, வேணாம், விடு" என்று அவள் கையைப் பிடித்தான். படித்துப் பெரிய வேலையில் இருக்கிறவன். அவள் கையை உதறிவிட்டு லேஸை எடுத்தாள். மூக்கு அப்படியே இடப்பக்கம் மடங்கி இருந்தது. மோசஸ் அதைப் பார்த்தான். பிறகு சின்னப் பையனைப் போலத் தேம்பி அழுதான்.

எஸ்தர் அக்காவிடமிருந்து என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால், படம் இல்லை, ஒரு பொருளும் இல்லை. என் மகளை வைத்திருக்கிறேன்.