ஓடுற மெஷினை நிப்பாட்டுன ஜெயராணியக்கா

ஜெயராணியக்கா போயிட்டாக.

காலைல காய் வாங்கப் போன எடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாகளாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

முந்தாநாள் கூட அச்சு மெஷின் பக்கம் வந்து "மஞ்ச மை தூக்கலா ஓடுது, கொறைலே"ன்னு சத்தம் போட்டுட்டுப் போனாக.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். திருத்தங்கல்ல நான் ஆஃப்செட் மெஷின் ஓட்டுற பிரஸ்ல, அக்கா டிசைன் செக்‌ஷன். போட்டோவைக் கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்றது அவங்க வேலை. சாமி படமோ மனுசன் படமோ, தூசி, புள்ளி, கீறல் ஒண்ணும் இருக்கப்படாது. ஆர்டர் குடுத்த பார்ட்டி புரூஃப் பாத்து ஓகே சொன்ன பெறகும், அச்சுக்குப் பிளேட் போடுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு கை சுத்தம் பண்ணித்தான் விடுவாக. எங்க பக்கம் அதான் பழக்கம்.

அதுல ஒரு தடவ வம்பாயிருச்சு. ஒரு ஜவுளிக்கடை காலண்டர்ல, கடைக்காரரோட அப்பா கன்னத்துல இருந்த மருவையும் சேத்து அழிச்சுட்டாக. "எங்கய்யாவை எங்கய்யா காணோம்?"னு பார்ட்டி வந்து ஒரே ரகளை.

மொதலாளி அன்னிக்கே சொல்லிட்டாரு. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற கம்பெனி பாத்துக்கம்மா." அக்கா வீட்டுல அவங்க ஒருத்தர் சம்பளம்தான். ரொம்ப நாளு பயந்து பயந்துதான் வேலை பாத்தாக.

அப்பத்தான் அந்தத் திமிங்கில ஆர்டர் வந்துச்சு...

வெளிநாட்டுல திமிங்கில ஆராய்ச்சி பண்ற ஒரு குழுவுக்குப் புக்கு. ஓர்கான்னு சொல்ற கருப்பு வெள்ளைத் திமிங்கிலம். ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். மேல தாய், அதுக்குக் கீழ புள்ளைக, அதுக்கும் கீழ பேரப்புள்ளைக. ஒவ்வொண்ணுக்கும் முதுகுத் துடுப்பு தெரியுற மாதிரி ஒரு போட்டோ, அடியில ஒரு நம்பர்.

"ரேஷன் கார்டு மாதிரியே இருக்குலே"ன்னு அக்கா சிரிச்சாக.

அச்சு ஆரம்பிச்ச மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடி ஹார்பருக்கு லோடு. எனக்கு மூச்சு விட நேரமில்ல. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு மெஷின் நல்ல வேகத்துல போய்க்கிட்டு இருக்கு...

மாடியில இருந்து அக்கா ஓடி வர்றாக. செருப்பு கூட இல்ல. "நிப்பாட்டு! ஏலே முருகா, நிப்பாட்டுலே!"

யாரு கையையோ மெஷின் இழுத்துருச்சுன்னு நெனச்சு பட்டனை அமுக்கிட்டேன்.

அக்கா அச்சான ஒரு ஷீட்டை உருவி டேபிள்ல விரிச்சாக. சின்னதுன்னு கை வைக்காம விட்ட, குடும்பமா நீந்துற ஒரு போட்டோவைக் காட்டி, "இந்தத் துடுப்பு ஓரத்துல ஒரு வெட்டு தெரியுதா? பின்னாடி சாம்பல் திட்டுல ஒரு கோடு?"ன்னாக. தெரிஞ்சுச்சு.

"இதே திமிங்கிலத்தோட தனி போட்டோவுலயும் அதே எடத்துல இருந்துச்சுலே. தூசின்னு நெனச்சு அழிச்சுட்டேன். ரெண்டும் வேற வேற நாள் எடுத்த போட்டோ. தூசின்னா ரெண்டுலயும் ஒரே எடத்துலயா உக்காரும்?"

மொகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. புக்குல இருந்த இங்கிலீஷ் முன்னுரையை அப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்காக. அந்த வெட்டும் கோடும்தான் ஒவ்வொண்ணுக்கும் அடையாளமாம். படகுல போய் போட்டோ எடுத்து, இந்தப் புக்கோட ஒப்பிட்டுத்தான் யாரு எவருன்னு கண்டுபிடிப்பாகளாம். தாயை விட்டு புள்ளைக பிரியவே பிரியாதாம். குடும்பத்தோட வர வேண்டியது ஒண்ணு தொடர்ந்து வரலைன்னா, செத்துப் போச்சுன்னு எழுதிருவாகளாம்.

"அம்புட்டையும் வழவழன்னு ஒரே மாதிரி ஆக்கி வச்சுட்டேன். உசுரோட இருக்கிறதைச் செத்ததுன்னு எழுதிட்டா என்ன பண்ணுவேன்?"

நான் மெதுவாச் சொன்னேன். "யக்கா, விடுங்க. ஒங்க வேலை போயிரும். திமிங்கிலமா வந்து கேக்கப் போகுது?"

"கேக்காதுலே. அதான் பயமா இருக்கு."

சத்தம் நின்னதும் மொதலாளி வந்துட்டாரு. "எவன் மெஷினை நிப்பாட்டுனது?"

"நாந்தான் அண்ணாச்சி. தப்பு என்னோடதுதான்"னு அக்கா ஒண்ணு விடாமச் சொல்லிட்டாக.

அவரு ஷீட்டைப் பாத்தாரு, அக்காவைப் பாத்தாரு, அடுக்கி வச்ச பேப்பரைப் பாத்தாரு. அடிச்சுருவாரோன்னே நெனச்சேன்.

"பூராத்தையும் திரும்பப் போடு. முடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரு. திங்கக்கெழம நீ வரக்கூடாது."

பார்ட்டி அனுப்புன ஒரிஜினல் போட்டோ இருந்துச்சு, பொழைச்சோம். அக்கா ஒவ்வொரு துடுப்பா எடுத்து வச்சு, பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து பிளேட்டுக்கு விட்டாக. நான் திரும்ப மொதல்ல இருந்து ஓட்டுனேன். லோடு தள்ளிப் போச்சு... ஆர்டர் புடிச்சுத் தந்த ஏஜெண்ட் போன்ல பேசுன பேச்சை இங்க எழுத முடியாது.

திங்கக்கெழம நான் உள்ள நுழையுறேன். அக்கா அவங்க சீட்டுல உக்காந்து வேலை பாத்துக்கிட்டு இருக்காக!

"என்னக்கா"ன்னேன். "சும்மா இருலே"ன்னாக.

மொதலாளி வந்து அவங்களுக்குப் பின்னாடி நின்னாரு. குனிஞ்சு ஸ்கிரீனைப் பாத்தாரு.

"அந்த முருகன் காலண்டர் என்னம்மா ஆச்சு?"

"பிளேட்டுக்கு ரெடி அண்ணாச்சி."

அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசவே இல்ல.

இன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல மொதலாளியும் நின்னாரு. கெளம்பும்போது ஏங்கிட்ட வந்து, "ஏலே, இனி தப்பா ஓடுனா எவம்லே வந்து நிப்பாட்டுவான்?"னு கேட்டாரு. கண்ணு செவந்திருந்துச்சு.

எனக்கு அழுகைதான் வந்துச்சு.

நாளைக்குக் காலைல சர்ச்சுல வச்சு, அடக்கத்துக்கு எடுக்குறாக. தெரிஞ்சவங்க வாங்க.

போயிட்டு வாங்கக்கா...