முத்திரையில்லாத கத்தி

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் குண்டு விழும் என்ற பயத்தில் வசதியுள்ளவர்கள் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கோட்டையில் ஓர் ஏலக் கம்பனியில் கிளார்க். சாமானைப் பார்த்து, இன்னது என்று எழுதி, தொடக்க விலை போட்டுக் கொடுப்பது என் வேலை. பியானோ, அலுமாரி, சுவர் மணிக்கூடு என்றால் அதிகம் யோசிக்காமல் எழுதிவிடுவேன். கத்திகளுக்கு விலை போட வேண்டி வந்தது ஒரே ஒரு தடவைதான்.

அவை வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு டொக்டருடையவை. யாழ்ப்பாணத்தவர், அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டதால் மகளோடு போயிருக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பச்சைத் துணி விரித்த இழுப்பறைகளில் முப்பத்தொரு கத்திகள். கிழமைக்கு ஒரு தரம் தானே எண்ணெய் போட்டுத் துடைப்பதாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் எடுத்துத் தந்து, எங்கே வாங்கினார், யார் தந்தது என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இங்கிலாந்துக் கத்திகளில் அலகின் அடியில் செய்தவரின் முத்திரை இருந்தது. கண்டிக் கத்திகளை வெள்ளி வேலைப்பாடே காட்டிக்கொடுத்தது. மலாயாக் கத்தியின் அலகு பாம்புபோல நெளிந்திருந்தது.

ஒன்றில் மட்டும் எந்த அடையாளமும் இல்லை. ஒரு சாண் அலகு, எருமைக் கொம்புப் பிடி, மூன்று பித்தளை ஆணி. இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"எங்கையோ கிடைச்சது, தம்பி. உள்ளூர்க் கத்தியெண்டு எழுதும்," என்று சொல்லி அடுத்ததை எடுத்தார்.

அப்படியே எழுதி, இரண்டு ரூபாய் போட்டேன். திரும்ப வைக்கும்போது பிடி என் உள்ளங்கையில் இடறியது. கொம்பில் இருந்த குழிகள் விரல்களுக்குப் பொருந்தவில்லை. நான் பிறவியில் இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து வலக் கைக்கு மாற்றியிருந்தார்கள். சும்மா இடக் கைக்கு மாற்றிப் பிடித்தேன். ஒவ்வொரு விரலும் தன் குழியில் போய் அமர்ந்தது. அலகைப் பார்த்தால், கூர் இடப் பக்கம் மட்டுமே சரித்துத் தீட்டப்பட்டிருந்தது. இது யாரோ ஓர் இடது கைக்காரருக்கென்றே சொல்லிச் செய்வித்த கத்தி. எனக்கு ஏனோ அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. டொக்டரிடம் கேட்டு, விலை விசாரிக்கவென்று எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் கம்பனிக்குப் பழம் பொருட்களைப் பார்த்துச் சொல்லும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். அவர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல இரும்பு. பழைய அரத்தக் காச்சி அடிச்சது," என்றார். "ஆனா பேரில்லாத கத்திக்கு வெல இல்ல. ஆரு செஞ்ச, ஆருக்குச் செஞ்சண்டு தெரிஞ்சா, இருவத்தஞ்சு ரூவாக்கும் வாங்க ஆள் ஈக்கி."

கொட்டாஞ்சேனையில் துறைமுக ஆட்களுக்குக் கத்தி அடிக்கும் பட்டறையொன்று இருப்பதாகவும் அவரே சொன்னார். அடுத்த நாள் மத்தியானம் போனேன். கொல்லர் இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர், நாற்பதைத் தாண்டியிருக்கும். ஆணிகள் மூன்றும் நேர்க்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக அடிக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததும் சிரித்தார்.

"நம்ம கைவேலைதாங்க. முகத்துவாரத்துல மீன் வெட்டுற அம்மாவுக்குச் செஞ்சது. மூணு தடவை வந்து புடிச்சுப் பார்த்துட்டு, இன்னும் கொஞ்சம் சீவுங்கன்னு திருப்பிக் குடுத்துச்சு. ஆஸ்பத்திரியில தொலைச்சுட்டேன்னு வந்து சொன்னப்ப, நம்ம வீட்டுச் சாமான் தொலைஞ்ச மாதிரி இருந்துச்சு."

அந்த அம்மா இப்போதும் அங்கேதான் வெட்டுகிறார் என்றார். இனி விலையை உயர்த்திப் போடலாம். ஆனால் உடையவர் உயிரோடு இருக்கும் கத்தியை எப்படி ஏலத்தில் விடுவது?

அன்று பின்னேரமே டொக்டரிடம் போய்க் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: கையை வெட்டிக்கொண்டு வந்த பெண்ணின் சீலைத் துணியில் கத்தி சுற்றி இருந்ததாம். அவள் மறந்து போய்விட்டாளாம். ஒருவரும் கேட்டு வராததால் எடுத்துக்கொண்டாராம்.

"பட்டியலிலை வெட்டிவிடும். நாளைக்கு நானும் வாறன்," என்றார்.

காலையில் இருவரும் பஸ்ஸில் முகத்துவாரத்துக்குப் போனோம். வள்ளங்கள் வந்து நேரமாகியிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி பலகையில் சூரை மீனை வலக் கையால் அழுத்திப் பிடித்து, இடக் கையால் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் டொக்டர் அவள் முன்னால் குந்தினார். வலக் கையைக் காட்டச் சொன்னார். பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாகத் தழும்பு. விரல்களை மடக்கச் சொன்னார், மடக்கினாள். விரிக்கச் சொன்னார், விரித்தாள். அப்போதுதான் அவளுக்கு ஆளைத் தெரிந்தது.

டொக்டர் கத்தியை எடுத்து நீட்டினார். "இது உங்கடை கத்தி. இவ்வளவு வருஷமும் என்னட்டை இருந்தது. ஒருத்தரும் தேடி வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டன்."

"நான் வந்தேனே ஐயா. அடுத்த கிழமையே வந்து கேட்டேன். வாசல்ல நிண்டவங்க அப்படி ஒண்டும் இல்லையெண்டு அனுப்பிட்டாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். டொக்டர் கத்தியைப் பலகையில் வைத்தார். "வடிவாயிருந்தது, வைச்சுக்கொண்டன். பிழைதான்," என்றார்.

அவள் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு இதை எடுத்தாள். மீனின் முதுகில் ஓர் இழுப்பு இழுத்தாள். பாதியில் நின்றது. கூர் போய்விட்டது, தீட்டினால் சரி என்றாள். பிறகு கல்லை எடுத்து முன்னால் போட்டு, தண்ணீர் தெளித்துத் தீட்டத் தொடங்கினாள். மீன் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்குப் போனதும் டொக்டர் இழுப்பறைகளைத் திறந்து, மீதி முப்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்து இன்னும் இரண்டை வெளியே எடுத்து வைத்தார். முதல் நாள் அந்த இரண்டுக்கும் ஏதோ ஊர்ப் பெயர் சொல்லி எழுதுவித்திருந்தார்.

"இதுகளும் வேண்டாம், தம்பி," என்றார்.

அவை யாருடையவை என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் இரண்டு வரியை வெட்டிவிட்டு, மொத்தத்தை இருபத்தெட்டு என்று திருத்தினேன்.