அயர்லாந்து போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்

எங்கள் அலுவலகத்தில் தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு மனிதர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவார். பெயர் டெனிஸ். வயது அறுபதுக்குப் பக்கம், மனைவி இறந்துவிட்டார், எனக்கு அடுத்த தடுப்பில் வேலை. கேஃப்டீரியா மேஜையில் சாண்ட்விச்சை ஓரமாகத் தள்ளிவிட்டு அயர்லாந்து வரைபடத்தை விரிப்பார். கொள்ளுத்தாத்தாவுக்கு எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது, எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார் என்று நூலகத்திலிருந்து குறித்து வந்ததை எனக்கு வாசித்துக் காட்டுவார். டெக்சஸில் பிறந்து டெக்சஸிலேயே தலை நரைத்தவர், அயர்லாந்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வாய்க்கு வாய் "பேக் ஹோம்" என்பார். டெக்சஸில் இந்த ரிச்சர்ட்சன் ஊருக்கு வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. என் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் நான் திருதிருவென்று முழிப்பேன்.

இரண்டாயிரமாம் ஆண்டின் கடைசியில் அவர் முடிவெடுத்துவிட்டார். அடுத்த ஜூனில் பத்து நாள், வாடகைக் கார், மேற்குக் கடற்கரை முழுக்க. "நீயும் வா. அங்கே இடது பக்கம் ஓட்டணும், எனக்குப் பயம். உங்க ஊர்லயும் இடது பக்கம்தானே?" என்றார். இடது பக்கம்தான். ஆனால் திண்டுக்கல்லில் நான் ஓட்டியது சைக்கிள். காரின் ஸ்டீயரிங்கைத் தொட்டதே அமெரிக்கா வந்த பிறகு. பெரிய மனுஷர் ஆசையாகக் கேட்கும்போது முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்ல நமக்கு எங்கே வருகிறது? தலையை ஆட்டிவைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். போகப் போக எனக்கே அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்த மலைப்பாதை, எந்தப் பாறைமுகடு, எந்தக் கல்லறைத் தோட்டம் என்று நானே பட்டியல் போட ஆரம்பித்தேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வீட்டுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கிரீன் கார்டு மனு போட்டாயிற்று, ஹெச் ஒன் விசா முடிந்து வொர்க் பெர்மிட்டில் ஓடிக்கொண்டிருந்தது வண்டி. அனுமதிக் கடிதம் இல்லாமல் நாட்டை விட்டு ஓரடி எடுத்து வைத்தால் மனு அத்தோடு காலி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் இருந்தார். அந்த வருஷம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சு குழறும். ஞாயிற்றுக்கிழமை போன் கார்டு தேய்த்துப் பேசுவேன். எப்போது வருகிறாய் என்பார். நான் அயர்லாந்துக் கதையை எடுத்துவிடுவேன். வழித்தடம் என்றால் அவருக்கு உயிர்.

"எத்தனை கிலோமீட்டர்? நடுவுல எங்க சாப்பாட்டுக்கு நிறுத்துவே?" என்று கேட்பார். ஒரு நாள், "அங்க யாருடா இருக்கா?" என்றார்.

"டெனிஸோட கொள்ளுத்தாத்தாப்பா."

"உசிரோடவா?"

"இல்லப்பா, சமாதி."

கொஞ்ச நேரம் இழுத்து இழுத்துச் சிரித்தார். "செத்தவனைப் பாக்க இத்தனை தூரமா? சரி சரி. நானும் செத்தா நீ வந்துருவே."

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாளே, என் கிரீன் கார்டு மனுவைப் பார்த்துக்கொண்டிருந்த வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் சொன்னது சுலபம்தான். தகப்பனார் கவலைக்கிடம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் அனுமதி சில நாளில் கிடைக்கும். சுற்றுலா, உறவினர் சந்திப்பு என்றெல்லாம் போட்டால் வரிசையில் நிற்க வேண்டும், மாதக் கணக்காகும். எந்தக் காரணத்துக்கு வாங்கினாலும் அந்தக் கடிதத்தில் ஊருக்கும் போய் வரலாம். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி ஃபேக்ஸ் பண்ணேன். சீரியஸா இருக்காருன்னு."

"நாக்குல சனியா உனக்கு? நேத்து ரெண்டு இட்லி சாப்பிட்ட மனுஷன்டா! சாகக் கிடக்கார்னு நாமளே எழுதி வாங்குறதா? நல்லா இருக்கு!"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா..."

"எதுவா இருந்தாலும் வேண்டாம். எழுதினா பலிச்சுரும்."

அவளை மட்டும் குறை சொல்லி என்ன? படிவத்தில் பயணக் காரணம் என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எஞ்சினியரிங் படித்தவன், சகுனம் சாத்திரம் என்று யாராவது பேசினால் கிண்டலடிக்கிறவன். என் கையால் அப்பாவுக்கு அதை எழுத முடியவில்லை. கை வரவே இல்லை. கடைசியில் "சுற்றுலா, அயர்லாந்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வக்கீலம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படிவத்தைக் கோப்பில் வைத்தார். விஷயம் தெரியாத டெனிஸ் மட்டும் என் முதுகில் தட்டிச் சந்தோஷப்பட்டார்.

மாதங்கள் போயின. தபால் பெட்டியை நான் திறக்காத நாள் இல்லை. பீட்சா கூப்பன் வரும், கார்ப்பெட் சுத்தம் செய்கிற விளம்பரம் வரும். எங்களுடையது போன்ற டெலிகாம் கம்பெனிகளில் ஆட்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். வேலையும் போய்விட்டால் மனுவும் போய்விடும் என்ற பயம் வேறு. அப்பாவின் பேச்சு குறைந்து, மே மாதம் வெறும் மூச்சுச் சத்தமாக ஆகிவிட்டது. அக்கா போனை அவர் காதில் வைப்பாள், நான் ஊர் ஊராக அயர்லாந்தைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். எல்லாவற்றையும் உதறிவிட்டு விமானம் ஏறிவிடலாமா என்று எத்தனையோ தடவை பெட்டியை எடுத்தேன். அப்பாவின் மருந்துச் செலவே என் சம்பளத்தில்தான் நடந்தது. எடுத்த பெட்டியை மறுபடி உள்ளே வைத்தேன்.

மே கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார்.

இப்போது அக்கா எதற்கும் தயங்கவில்லை. இறப்புக்கு டாக்டர் கொடுத்த சான்று அன்றைக்கே ஃபேக்ஸில் வந்தது. வக்கீலம்மா அதை எடுத்துக்கொண்டு போனார். இரண்டே நாளில் அனுமதிக் கடிதம் கிடைத்தது. இரண்டே நாள்! அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்குக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. கிழிக்காமல் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஐந்தாம் நாள் திண்டுக்கல்லில் டாக்ஸியை விட்டு இறங்கினேன். கொள்ளியை மச்சான் வைத்திருந்தார். துக்க வீட்டில் யாரையும் வா என்று அழைப்பதில்லை, இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் வாசலில் பெட்டியோடு நின்றேன், யாராவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்கள் என்று. அக்கா என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருந்தேன். மொட்டைத் தலையோடு கிளம்பியபோது போய்ட்டு வரேன் என்று நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அதிகாரி கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார். அதில் இருந்த சொல் "பரோல்". நம் ஊரில் கைதிக்குக் கொடுப்பார்களே, அதே பரோல். பிறகு வக்கீலம்மா விளக்கினார். இப்படி வந்தவன் இந்த நாட்டில் நடமாடலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன் இன்னும் உள்ளே வரவில்லை, எல்லையில் நிற்கிறவன்தான்.

டெனிஸ் ஜூனில் ஒரு டூர் பஸ்ஸில் தனியாகப் போய் வந்தார். ஒரு சிற்றூர்த் தபால் ஆபீசில் தன் குடும்பப் பெயரைச் சொன்னதும் கவுண்டரில் இருந்த அம்மாள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து "வெல்கம் ஹோம்" என்றாராம். சொல்லும்போதே டெனிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு தலைமுறை கழித்துப் போனவருக்கு அது கிடைத்திருக்கிறது.

என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "உன் வீட்ல என்ன சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல, டெனிஸ். இந்த மாதிரி நேரத்துல எங்க ஊர்ல யாரும் வான்னு சொல்ல மாட்டாங்க."

அவர் என் தோளை அழுத்தினார். "கோபம்தான். ஆறிடும். கொஞ்சம் டைம் குடு."

கோபம் இல்லை டெனிஸ், அது வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போன அக்காவின் முகம் குறுக்கே வந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமா, ஆறிடும்" என்றேன்.